கூப்பிட்டவர்களே காக்க வைத்தால்?

 

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். "டீச்சர் ஆரம்பிச்சிட்டாங்க" என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள். உங்களில் முக்கால்வாசிப் பேர் பைக்கிலோ ஸ்கூட்டரிலோதான் வேலைக்குப் போய் வருகிறீர்கள். இது உங்களுக்கான விஷயம்.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் தங்கச்சி கல்யாணப் பத்திரிகை கொடுக்க வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம், அவனே படித்துக்கொண்டிருப்பான். மருந்து மொத்த வியாபாரி ஒருவரிடம் வேலை. கடை கடையாக மருந்துப் பெட்டி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சொந்த வண்டியில் ஒரு நாளைக்கு எண்பது கிலோமீட்டராவது ஓட்டுவான். காபி குடிக்கும்போது வாசலில் நின்ற வண்டியைப் பார்த்து, "புது வண்டியாடா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் ஆச்சு டீச்சர். ஆனா முன் பிரேக்கில ஏதோ பார்ட் சரியில்லையாம். கம்பெனிக்காரனே மெசேஜ் அனுப்பியிருந்தான், கொண்டு வாங்க, ஃப்ரீயா மாத்தித் தர்றோம்னு."

"மாத்தியாச்சா?"

"இல்ல டீச்சர். அஞ்சு மாசம் ஆச்சு. நாலு தடவை போயிட்டு வந்துட்டேன். பார்ட் இன்னும் வரல, வந்ததும் கூப்பிடுறோம்னு சொல்றாங்க."

"அப்ப அஞ்சு மாசமா அதே பிரேக்கோடதான் ஓட்டுறியா?"

"என்ன டீச்சர் பண்றது? ஓட்டலைன்னா சம்பளம் யாரு தருவா?"

காபி எனக்கு இறங்கவில்லை. பிரேக்கில் கோளாறு இருக்கிறது என்று வண்டியைச் செய்தவரே எழுத்தில் சொல்லியிருக்கிறார். அதைப் படித்த பிறகும் ஐந்து மாதமாக, மழையிலும் லாரிகளுக்கு நடுவிலும், அதே பிரேக்கை நம்பி ஒரு பையன் ஓட்டிக்கொண்டிருக்கிறான். அதோடு, "இலவசமா செஞ்சு தர்றாங்க, நாம எப்படி அதட்டிக் கேக்கிறது?" என்று கூச்சம் வேறு. இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தக் கூச்சம்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, முப்பத்து நாலு வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். ஆனால் சட்டம் என்பது வக்கீல்கள் மட்டும் படிக்கிற மந்திரம் இல்லை. உட்கார்ந்து வாசித்தால் நமக்கும் புரியும். அவன் போன பிறகு வாசித்தேன். புரிந்ததை எழுதுகிறேன்.

ரீகால் என்றால் என்ன? விற்ற வண்டிகளில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் செய்தவற்றில் ஆபத்தான கோளாறு இருப்பது தெரியவந்தால், அவற்றைத் திரும்ப வரவழைத்து, காசு வாங்காமல் சரிசெய்து கொடுப்பது. ஒரு உதாரணம் சொல்கிறேன். 2021 மே மாதம் நம் சென்னைக் கம்பெனியான ராயல் என்ஃபீல்டு 2,36,966 வண்டிகளை ரீகால் செய்தது. 2020 டிசம்பருக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையில் செய்த கிளாசிக், புல்லட், மீட்டியார் வண்டிகளில் சிலவற்றின் இக்னிஷன் காயிலில் கோளாறு. வண்டி திக்கித் திணறலாம், அபூர்வமாக ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம் என்று கம்பெனியே அறிவித்தது. அழைத்தவற்றில் 10 சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளுக்குத்தான் பாகம் மாற்ற வேண்டியிருக்கும் என்றும் சொன்னது. அடுத்த வருடம் ஏப்ரலில் மின்சார ஸ்கூட்டர்களின் முறை. ஓலா 1,441, ஒகினாவா 3,215, பியூர் இ.வி. 2,000 என்று ஒரே மாதத்தில் மூன்று கம்பெனிகள் வண்டிகளைத் திரும்ப அழைத்தன. அதற்கு முந்தின மாதம்தான் வேலூரில் சார்ஜில் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, வீட்டுக்குள் புகை சூழ்ந்து, ஒரு தகப்பனும் அவருடைய சின்ன மகளும் இறந்துபோனார்கள். செய்தித்தாளில் அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆகவே ரீகாலை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே சமயம், ரீகால் செய்கிற கம்பெனியைத் திருடனைப் போலப் பார்க்கவும் கூடாது. நம் சொந்தத்திலேயே ஓசூரிலும் ஒரகடத்திலும் வண்டிக் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தப்பை மறைக்காமல் ஒப்புக்கொள்கிற கம்பெனி நல்ல கம்பெனிதான். பரீட்சைத் தாளைத் திருத்திக் கொடுத்த பிறகு, "டீச்சர், எனக்கு ரெண்டு மார்க் கூடப் போட்டுட்டீங்க" என்று தானாக வந்து சொல்கிற பிள்ளையை நான் ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் தப்பை ஒப்புக்கொள்வது பாதி வேலை. திருத்துவது மீதிப் பாதி. முதல் பாதிக்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டு மறு பாதியை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் அதைக் கேட்க வேண்டும்.

கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா? இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

2012ல் இந்திய வாகனத் தயாரிப்பாளர்களின் சங்கமான சியாம், ரீகாலுக்கு என்று தானாகவே ஒரு நடைமுறையை வகுத்துக்கொண்டது. அது கம்பெனிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு, சட்டம் இல்லை. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வண்டியின் கோளாறால் ஓட்டுகிறவருக்கோ, சாலையில் போகிற மற்றவருக்கோ, சுற்றுச்சூழலுக்கோ கேடு வரும் என்றால் அந்த வகை வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே உத்தரவிடலாம். அப்படி உத்தரவானால் கம்பெனி வண்டியின் முழு விலையையும் திருப்பித் தர வேண்டும், அல்லது வேறு வண்டி தர வேண்டும், அல்லது சரிசெய்து தர வேண்டும். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இவை பொருந்தும். கட்டாய ரீகால் என்றால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. வண்டி உரிமையாளர்கள் கோளாறைப் புகார் செய்ய மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் தனிப் பக்கம் இருக்கிறது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார் சேர்ந்தால் அரசு விசாரணையைத் தொடங்கும்.

அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. கம்பெனியே கோளாறைக் கண்டுபிடித்தால் அரசுக்குத் தெரிவித்து ரீகாலைத் தொடங்க வேண்டும். அப்படித் தானாக முன்வந்தால் அபராதம் கிடையாது. இது நல்ல ஏற்பாடுதான், இல்லாவிட்டால் எல்லோரும் மறைப்பார்கள். ஆனால் அந்தப் பிரிவை மூன்று தடவை வாசித்தும் நான் தேடியது கிடைக்கவில்லை. வண்டி உரிமையாளர் வந்து நின்றால் எத்தனை நாளுக்குள் சரிசெய்து கொடுக்க வேண்டும் என்று ஒரு எண் அதில் இல்லை. என் மாணவனின் ஐந்து மாதம் அந்த ஓட்டைக்குள்தான் விழுந்து கிடந்தது.

இதே விஷயத்தை அமெரிக்கச் சட்டம் எப்படிக் கையாள்கிறது தெரியுமா? ரீகால் வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்து 60 நாளுக்குள் ஒழுங்காகச் சரிசெய்து தரவில்லை என்றால், கம்பெனி நியாயமான காலத்தில் கடமையைச் செய்யவில்லை என்பதற்கு அதுவே முதல் ஆதாரமாகிறது. அப்புறம் அதே மாதிரி வேறு வண்டி தர வேண்டும், அல்லது தேய்மானத்தைக் கழித்துக்கொண்டு விலையைத் திருப்பித் தர வேண்டும். அந்த நாட்டில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே ஒரு எண் இருக்கிறது. எண் இருந்தால்தான் கணக்குப் போட முடியும். "சீக்கிரம் வந்துரும்" என்பதை வைத்து யாராலும் கணக்குப் போட முடியாது.

நம் சட்டத்திலும் அப்படி ஒரு எண் வர வேண்டும் என்பது என் கருத்து. 60 நாள் வேண்டாம், 90 நாள் என்றாவது இருக்கட்டும். தானாக முன்வந்த கம்பெனிக்கு அபராத விலக்கு கொடுங்கள். ஆனால் அந்த விலக்கை வேலையை முடித்துக் கொடுப்பதோடு சேர்த்துக் கட்டுங்கள். எத்தனை வண்டியை அழைத்தார்கள், எத்தனை வண்டியைச் சரிசெய்தார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதுவில் போடச் சொல்லுங்கள். அழைத்த அன்று செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வருகிறது. முடித்துக் கொடுத்த கணக்கை நான் எந்தச் செய்தித்தாளிலும் பார்த்ததில்லை.

சரி, சட்டம் மாறும்வரை நாம் சும்மா இருக்க வேண்டுமா? தேவையில்லை. இன்னொரு சட்டம் நம் கையில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளில் குறை இருந்தாலும், சேவையில் குறைபாடு இருந்தாலும் புகார் கொடுக்கலாம். பொருளில் குறை இருக்கிறது என்பதை நீங்கள் பாடுபட்டு நிரூபிக்க வேண்டியதில்லை, கம்பெனியின் ரீகால் மெசேஜே பெரிய சாட்சி. சரிசெய்து தருகிறோம் என்று சொல்லிவிட்டுக் காரணமில்லாமல் இழுத்தடிப்பது சேவைக் குறைபாடு என்று வாதாட இடம் இருக்கிறது.

"நான் வண்டியை வச்சு சம்பாதிக்கிறேனே, நான் நுகர்வோரா?" என்று அவனும் கேட்டான். வியாபார நோக்கத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்று சட்டத்தில் ஒரு வரி இருப்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது அந்த வியாபார நோக்கத்தில் சேராது என்று சட்டமே விளக்கம் கொடுத்திருக்கிறது. ஆகவே சாப்பாடு டெலிவரி செய்கிற பிள்ளைகளும் தைரியமாகக் கேட்கலாம்.

இப்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. முதலில் உங்கள் வண்டி ரீகாலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.யில் 17 எழுத்தும் எண்ணும் கலந்த சேஸிஸ் எண் இருக்கும். கம்பெனியின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ அதைக் கொடுத்தால் தெரிந்துவிடும். பழைய வண்டி வாங்கியவர்கள் கட்டாயம் பாருங்கள். மெசேஜ் முதல் உரிமையாளரின் எண்ணுக்குப் போயிருக்கும், அவர் அழித்திருப்பார். கோளாறு வண்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்.

2. ரீகால் மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என் மாணவன் அதை அழித்துவிட்டிருந்தான்! கல்யாண வாழ்த்து, குட்மார்னிங் படம் எல்லாம் போனில் பத்திரமாக இருக்கிறது, உயிர் சம்பந்தப்பட்ட மெசேஜ் இல்லை.

3. சர்வீஸ் சென்டருக்குப் போனால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். இதுதான் அவன் செய்த பெரிய தப்பு. நாலு தடவை போனான், நாலு தடவையும் வாசலிலேயே பதில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அவன் போனதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஜாப் கார்டு போடச் சொல்லுங்கள். "பாகம் இருப்பில் இல்லை" என்று அதிலேயே எழுதி, தேதி போட்டுத் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்றால், வெளியே வந்த உடனே அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "இன்று காலை 11 மணிக்கு வந்தேன், பாகம் இல்லை என்று சொன்னீர்கள்" என்று இரண்டு வரி போதும்.

4. ஓட்டக் கூடாது என்று கம்பெனி சொல்லியிருந்தால் ஓட்டாதீர்கள். சொல்லாவிட்டாலும் பிரேக், தீ, ஸ்டீயரிங் சம்பந்தமான கோளாறு என்றால், "பழுது முடியும்வரை ஓட்டலாமா, கூடாதா?" என்று எழுத்தில் கேளுங்கள். மாற்று வண்டியும் கேளுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று நமக்குத் தானாக வரும் உரிமை இல்லை, ஆனால் கேட்டதும் மறுத்ததும் பதிவாக இருக்க வேண்டும். பஸ், ஆட்டோ செலவுக்கு ரசீது இருந்தால் சேர்த்து வையுங்கள்.

5. வெளியே மெக்கானிக்கிடம் கொடுத்து அந்தப் பாகத்தைத் தொட விடாதீர்கள். கூடுதல் லைட், ஹாரன் என்று வயரிங்கில் கை வைத்திருந்தால் அதையும் பழையபடி மாற்றிவிடுங்கள். "நீங்கதான் மாத்தியிருக்கீங்க" என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் கொடுக்காதீர்கள்.

6. அடுத்து, கடிதம். இங்கேதான் உங்கள் டீச்சருக்கு வேலை.

அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வருடம் தவறாமல் சொல்லிக் கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? "விடுப்பு விண்ணப்பம்" மட்டும்தான் எல்லோருக்கும் நினைவிருக்கும். என் மாணவனை அன்றைக்கே திண்ணையில் உட்கார வைத்து எழுத வைத்தேன். வளர்ந்து மீசை வைத்த பிள்ளை, பேனாவைப் பிடித்ததும் பழையபடி ஆறாம் வகுப்பாகிவிட்டான். இப்படித்தான் எழுதினோம்.

பெறுநர் இருவர். ஒன்று சர்வீஸ் சென்டர் மேலாளர், இன்னொன்று வண்டி தயாரித்த கம்பெனியின் வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு. ஒருவருக்கு மட்டும் எழுதினால் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

பொருள்: ரீகால் பழுது செய்து தருவதில் தாமதம் – தேதி கேட்டல் – தொடர்பாக.

"ஐயா, எனது வாகனத்தின் பதிவு எண் இது, சேஸிஸ் எண் இது. முன் பிரேக் பாகத்தில் கோளாறு இருப்பதாகவும் கட்டணமின்றி மாற்றித் தருவதாகவும் தாங்கள் இன்ன மாதம் தெரிவித்தீர்கள். அதன்பின் நான்கு முறை நேரில் வந்தேன். பாகம் வரவில்லை என்று சொல்லப்பட்டது. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பழுதைச் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இயலாது எனில், எந்தத் தேதியில் செய்து தருவீர்கள் என்பதையும், அதுவரை வாகனத்தை ஓட்டுவது பாதுகாப்பானதா என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும். தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்."

அவ்வளவுதான். திட்டு இல்லை, சாபம் இல்லை, "உங்களை விடமாட்டேன்" இல்லை. கோபத்தை எழுதினால் அவர்கள் கோபத்துக்குப் பதில் சொல்வார்கள், தேதிக்குப் பதில் வராது. மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வையுங்கள்.

இந்தக் கடிதத்தில் முக்கியமான வரி எது தெரியுமா? வண்டியை ஓட்டுவது பாதுகாப்பானதா என்ற கேள்வி. அதற்கு "பாதுகாப்பானது" என்று கையெழுத்துப் போட ஒருவரும் துணியமாட்டார்கள். "பாதுகாப்பில்லை" என்று எழுதினால் வண்டியை முடக்கிப் போட்ட நஷ்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் அந்தக் கேள்வி போனதும் கோப்பு நகர்கிறது.

7. பதினைந்து நாளில் பதில் இல்லையா? 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். இது நீதிமன்றம் இல்லை. உங்கள் புகாரைப் பதிவு செய்து கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பல புகார்கள் இந்தப் படியிலேயே முடிந்துவிடும். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

8. அதிலும் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, நம் வண்டிகள் எல்லாம் அதற்குள்தான். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம். பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். சர்வீஸ் சென்டரையும் கம்பெனியையும் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள்.

குறையை நீக்கித் தரவும், வேறு பொருள் தரவும், விலையைத் திருப்பித் தரவும், நஷ்டஈடும் வழக்குச் செலவும் கொடுக்கவும் ஆணையம் உத்தரவிடலாம். உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையோ, 25 ஆயிரம் முதல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மூன்று மாதத்தில், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும், அதையும் தெரிந்துகொண்டே போங்கள். தொடக்கத்திலேயே சமரசப் பேச்சுக்கும் வழி இருக்கிறது. எல்லோரும் தீர்ப்புவரை போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

9. தனியாகப் போக வேண்டியதும் இல்லை. ஒரே வண்டி, ஒரே கோளாறு, ஒரே தாமதம் என்றால் பலருக்காக ஒருவரோ சிலரோ சேர்ந்து, ஆணையத்தின் அனுமதியோடு, ஒரே புகாராகக் கொடுக்கலாம். நிறைய பேரைப் பாதிக்கிற விஷயம் என்றால் மாவட்ட ஆட்சியருக்கோ, டெல்லியில் உள்ள மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கோ எழுதலாம். ஆபத்தான பொருட்களைத் திரும்பப் பெறச் சொல்கிற அதிகாரம் அந்த ஆணையத்துக்கு இருக்கிறது.

ஒரு வித்தியாசத்தையும் மனதில் வையுங்கள். கோளாறால் விபத்தாகி உடம்புக்குக் காயமோ, உயிருக்குச் சேதமோ, மற்ற உடைமைக்கு இழப்போ வந்தால் அது "பொருள் பொறுப்பு" என்ற தனி அத்தியாயத்தில் வரும். வண்டிக்கே வந்த சேதம் அதில் சேராது. நாம் இங்கே பேசுகிற தாமதம், குறை, சேவைக் குறைபாடு ஆகியவற்றை அந்த விபத்துக்கு முன்பே கேட்கலாம். முன்பே கேட்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இதைப் படித்துவிட்டு என் தம்பி மகன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். அவன் ஷோரூமில் வேலை பார்த்தவன். "அத்தை, லட்சக்கணக்கில வண்டி, பார்ட் செய்யவே மாசக்கணக்காகும். நாங்க ஒளிச்சா வச்சிருக்கோம்? கவுன்டர்ல நிக்கிற பையன் என்ன பண்ணுவான்?" நியாயம்தான். கவுன்டரில் நிற்கிற பையன் மீது எனக்குக் கோபமே இல்லை, அவனும் யாரோ ஒரு டீச்சரின் மாணவன். பாகம் செய்ய நேரம் ஆகும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேதி சொல்ல நேரம் ஆகாது. "உங்கள் வண்டிக்கு செப்டம்பர் இரண்டாம் வாரம், அதுவரை முன் பிரேக்கை மட்டும் நம்பி வேகமாகப் போகாதீர்கள்" என்று ஒரு மெசேஜ் அனுப்ப எந்தத் தொழிற்சாலையும் வேண்டாம். தாமதத்தை மன்னிக்கலாம். பதில் சொல்லாமல் இருப்பதை மன்னிக்க முடியாது.

என் மாணவன் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். கடிதம் போன ஆறாம் நாள் போன் வந்ததாம். "சார், ஏன் சார் லெட்டர் எல்லாம், நேர்ல சொல்லியிருந்தா போதுமே" என்றார்களாம்! நாலு தடவை நேரில் போனவனிடம். அதற்கு அடுத்த மூன்றாம் வாரம் பாகம் வந்து மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். "அலைஞ்ச நாலு நாள் சம்பளத்தைக் கேட்டியாடா?" என்றேன். "விடுங்க டீச்சர், வேலை முடிஞ்சுதே" என்று சிரித்தான். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அது அவன் முடிவு, கேட்கும் உரிமை இருப்பது தெரிந்த பிறகு எடுத்த முடிவு. தெரியாமல் விட்டுக்கொடுப்பதற்கும் தெரிந்து விட்டுக்கொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ரீகால் பழுதை இலவசம் என்று சொல்லாதீர்கள். வண்டி வாங்கிய அன்றே நல்ல பிரேக்குக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தீர்கள், பலர் வட்டியோடு தவணை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அவர்கள் அன்றைக்குக் கொடுக்க வேண்டியதை இன்றைக்குக் கொடுக்கிறார்கள். அது தர்மம் இல்லை, பாக்கி. பாக்கியைக் கேட்பதற்கு எதற்குக் கூச்சம்?

இன்றைக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஆர்.சி.யை எடுத்து, சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அப்பாவின் பழைய வண்டி, தங்கச்சியின் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பாருங்கள். ரீகால் இருந்து இழுத்தடித்தால் மேலே உள்ள கடிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், காப்பி அடித்தால் இந்த ஒரு தடவை மார்க் குறைக்கமாட்டேன். எழுதத் தயக்கமாக இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். திண்ணை இருக்கிறது, பேனா இருக்கிறது, காபியும் போட்டுத் தருகிறேன்.

ஹெல்மெட் போட்டுக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்